பூனைக்குப் பெயர் சொல்லாத நாள்

மொன்றியல் ஒரு தீவு. இங்கே இருப்பவர்களுக்குப் பாலத்தில் வாகனங்கள் நெரிபடும்போது மட்டும்தான் அது ஞாபகம் வரும். எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்காரன். பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் என்னைத் "தீவான்" என்றுதான் கூப்பிட்டார்கள். பாசத்தில் கூப்பிட்டதல்ல. அப்படிப்பட்ட நான் இந்த நகரத்துக்கு வந்து, மேயரிலிருந்து குப்பை அள்ளுகிறவர் வரை எல்லோருமே தீவார் என்று கண்டபோது அடைந்த திருப்தியை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருப்பவர்களைப் பற்றி மொன்றியல்காரர் பேசுகிற தொனி, பட்டினத்தார் எங்களைப் பற்றிப் பேசிய அதே தொனிதான். இந்த முறை நான் சரியான கரையில் இருந்தேன்.

இதே தீவில், லஷீனில் ஏரிக்கரைக்குக் கிட்ட ஒரு மேல்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்வீட்டில் இருப்பவர்தான் வீட்டுக்காரர். எண்பதைத் தாண்டிய கிழவர். ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, கடலுக்கு நடுவில் கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகளில் பிறந்தவர். கப்பலில் வேலைசெய்து, மொன்றியல் துறைமுகத்தில் இறங்கி, ஒரு பிரெஞ்சுக்காரியைக் கட்டி, அதே துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். நானும் அந்தத் துறைமுகத்துக்குக் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறவன். ஆனால் எங்களைச் சேர்த்துவைத்தது துறைமுகம் அல்ல, ஒரு கேள்வி.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள் கிழவர் சப்பாத்துப் போட்டு, தூண்டிலும் வாளியுமாகப் படியடியில் நின்றார். எங்கள் வீட்டில், வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்டால் அடி விழும். போகிற காரியம் பிழைத்துப்போகும். கேட்கத்தான் வேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம். விவரம் கெட்ட யாராவது கேட்டுவிட்டால், திரும்பி உள்ளே போய், இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாக வெளிக்கிட வேண்டும். கடவுளைப் பற்றி எனக்குப் பல சந்தேகங்கள் உண்டு. இதில் சந்தேகமே கிடையாது. ஆகவே கிழவரைப் பார்த்து, தூரமோ என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டேன்.

கிழவர் தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆர் உனக்கு இப்பிடிக் கேக்கச் சொல்லித் தந்தது?" என்றார். அவர் ஊரிலும் மீன்பிடிக்கப் போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாதாம். கேட்டால் அன்றைக்கு வலை வெறுமையாம். இந்த நாட்டில் காலடி வைத்த நாளிலிருந்து சந்திக்கிற ஒவ்வொருவரும் வாய் நிறைய பொன்ஜூர் சொல்லிவிட்டு அடுத்ததாக அதைத்தான் கேட்கிறார்களாம். கேட்கப்பட்ட நாட்களில் மனிதர் பேசாமல் வீட்டுக்குள் திரும்பிவிடுவாராம். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிடும் வழியை நான் சொல்லிக்கொடுத்தேன். அவர்களிடம் அந்தப் பரிகாரம் இல்லை. எங்கள் ஆட்கள் எதற்கும் ஒரு சந்து விட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

அவர் பேசியதை நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். தொலைக்காட்சித் தமிழில் எழுதினால் அது அவருக்கு அவமானம். அவர் பேசியதை ஆங்கிலம் என்று சொன்னால் ஆங்கிலேயர் கோபிப்பார்கள், ஆங்கிலம் இல்லை என்று சொன்னால் அவர் கோபிப்பார். அவர் வாயில் எல்லாமே "பீரி". சின்னது என்று அர்த்தம். பீரி வீடு, பீரி மீன், பீரி மழை. பீரி விஸ்கி என்று ஒன்றும் ஊற்றித் தருவார். அது மட்டும் ஒருநாளும் பீரியாக இருந்ததில்லை.

பெரிய பெரிய பஞ்சாக விழும் பனிக்கு அவர் "ஃப்ளுக்ரா" என்பார். எங்களுக்கு விடியப்புறம் புல்லில் கிடப்பதும் பனி, மூக்கை அறுப்பதும் பனி, காரை மூடுவதும் பனி. ஆகவே மொன்றியல் தமிழர்கள் "ஸ்நோ கொட்டுது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு வாத்தியார் அதற்கு ஐந்தெழுத்தில் ஒரு தூய சொல் கண்டுபிடித்துக் கொடுத்தார். பிள்ளைகள் அதன் அர்த்தத்தைப் பிரெஞ்சில் விசாரித்தார்கள். நான் பேசாமல் ஃப்ளுக்ராவை எடுத்துக்கொண்டேன். அந்த முதல் ஃப்ளுக்ராவை வழித்துத் தள்ளிய மறுநாள் உடம்பில் வருகிற உளைவுக்கு "ஸ்பேகி". பிரெஞ்சிலும் அதற்கு ஒரு சொல் உண்டு, ஆனால் அதை உச்சரித்து முடிக்கும்போது எனக்கு இன்னொரு ஸ்பேகி வந்துவிடும். "ஸ்மூரிகின்" என்ற சொல்லை ஒரேயொரு தடவை சொன்னார். மனைவியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த நேரம். அர்த்தம் கேட்டேன். முத்தம் என்றார். பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் "நாப்". வெளியூர்க்காரனுக்கு முன்னால் தன் பேச்சை ஒளித்து, நாகரிகமான ஆங்கிலம் பேசிக் காட்டுவதற்குப் பெயர் அது. ஷெட்லாந்தில் அதைக் கொஞ்சம் நக்கலாகச் சொல்வார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சென்னைக்காரர் ஒருவரைக் கண்டதும் "எப்படி இருக்கீங்க, சாப்டீங்களா" என்று வாய் கோணுகிற எங்கள் சனத்தை நான் எத்தனை கலியாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவர்கள் எங்கள் தமிழை "ரொம்ப ஸ்வீட்" என்பார்கள். அதற்காக நாங்கள் எங்கள் தமிழை உள்ளே வைத்துவிட்டு அவர்களுடையதைப் போட்டுக்கொண்டு நிற்போம். இவ்வளவு காலமும் அதற்கு ஒரு பெயர் இல்லாமல் இருந்தது.

கிழவரும் வாழ்நாளெல்லாம் நாப் பண்ணியவர்தான். துறைமுகத்தில் ஒழுங்கான ஆங்கிலம், வீட்டில் மனைவியோடும் மகளோடும் பிரெஞ்சு. அவருடைய சொற்கள் ஐம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்தன. மனைவி போன பிறகு, இனி யாருக்காக நாப் பண்ணுவது என்று விட்டுவிட்டார். பழைய பேச்சு திரும்பி வந்தது. வந்த இடத்தில் அதைக் கேட்டவள் மகள்.

மகளுக்கு ஐம்பது வயது இருக்கும். லொங்குய்யில் ஒரு அலுவலகத்தில் வேலை. பாலம் தாண்டி வந்து அப்பாவுக்குச் சூப் வைத்துக் கொடுக்கிற நல்ல பெண். தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிடுவாள். கூப்பிட்டதும் முதல் கேள்வி, "அப்பா, இன்றைக்கு எங்கே போகிறீர்கள்?" அவ்வளவுதான். தூண்டிலோடு வெளிக்கிட்டு நின்ற மனிதர் சப்பாத்தைக் கழற்றிவிடுவார். பின்னேரம் மறுபடி கூப்பிட்டு, எங்கேயாவது போனீர்களா என்று கேட்பாள். இல்லை என்பார். இப்படியே ஒரு வருடம் போயிற்று. அப்பா வெளியே போவதில்லை, அப்பாவுக்கு எதிலும் ஆர்வமில்லை, அப்பா என்னவோ புதுப்புதுச் சொல்லெல்லாம் சொல்கிறார் என்று அவள் அழுதாள். மறதி நோயின் குணங்குறிகள் முழுதும் பொருந்திவிட்டன. முதல் குறிக்குக் காரணமே அவள் எடுத்த தொலைபேசிதான் என்று அவளுக்கு யார் சொல்வது?

"நீங்களே சொல்லலாமே?" என்று கிழவரிடம் கேட்டேன். தண்ணீர் குடிக்கிற பரிகாரத்தையும் ஞாபகப்படுத்தினேன்.

"தண்ணியைக் குடிச்சுக் கடலை ஏமாத்தலாம். மகளை ஏமாத்தேலாது," என்றார். "சொன்னா அதுக்கும் ஒரு நோய் வருத்தத்தின்ரை பேர் வைப்பாள். அவளின்ரை தாய் ஒருநாளும் கேட்டதில்லை. நான் எங்கை போறன் எண்டு அவவுக்குத் தெரியும்."

கடைசியில் மகள் சுகாதார நிலையத்தில் சொல்லி, கிழவரின் புத்தியை மதிப்பிட ஒரு பெண் வருவதாக ஏற்பாடாயிற்று. சரிவராவிட்டால் கிழவரை லொங்குய்யில் மகளுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் விடுவது, வீட்டை விற்பது. அந்த இல்லத்தைக் கிழவர் ஒருமுறை பார்த்திருந்தார். அதன் ஜன்னலால் தெரிவது ஒரு வாகனத் தரிப்பிடம். ஏரி இல்லை, தண்ணீர் இல்லை. "அங்கை என்னை வைச்சா நான் செத்திடுவன்," என்று சாதாரணமாகச் சொன்னார். வீடு விற்றால் நாங்களும் வெளியே என்பதால் எனக்கும் இதில் சுயநலம் இருந்தது. அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் நான் பயந்தது வாடகை வீட்டுக்காக மட்டுமல்ல.

மதிப்பிடுகிறவர் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் தாண்டியும் வரவில்லை. இனி வரமாட்டார் என்று முடிவுகட்டி, கிழவர் சப்பாத்தைப் போட்டு, வாளியில் தூண்டில் நூலை வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மகளும் அந்தப் பெண்ணும் ஒன்றாக வாசலில் வந்து நின்றார்கள். மகள் என்னைப் படியில் கண்டு, "நீங்கள் இவரோடு பேசுவீர்கள்தானே, கொஞ்சம் இருங்கள்," என்றாள். கிழவரின் பேச்சை அவரது மகளுக்கு மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்தானாகிய நான் குசினிக் கதவடியில் கைகட்டி நின்றேன். கனடாவின் பன்முகப் பண்பாடு என்று மந்திரிகள் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மதிப்பிடுகிற பெண் என் வயதுக்காரி. மரியாதையாகப் பேசினார். வெளியே காலநிலை எப்படி என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஸ்டீகிட் ஸ்டும்பா," என்றார் கிழவர்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மூக்குக்கு முன்னால் கையைப் பிடித்தால் தெரியாத மூடுபனி என்று நான் சொன்னேன். அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தார். ஏரி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லை. உடம்பு எப்படி என்று கேட்டார். ஸ்பேகி என்றார் கிழவர். தோட்டம் கொத்தியதால் வந்த உளைவு என்றேன். என் பிரெஞ்சு துறைமுகத்தில் பழகியது. அங்கே கோபம் வந்தால் தேவாலயச் சாமான்களின் பெயர்களைத்தான் கெட்ட வார்த்தைகளாக வரிசையாகச் சொல்வார்கள். அவற்றை விலக்கிவிட்டுப் பேச எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மெதுவாகப் பேசியதால் அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு பண்பாளன் என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும்.

பிறகு படங்களை எடுத்தார். முதல் படம் பூனை.

கிழவர் படத்தைப் பார்த்தார். அந்தப் பெண் காத்திருந்தார். கிழவரின் கண் வாளிக்குப் போய்த் திரும்பியது. "வோலர்," என்றார் கடைசியில். அடுத்த படம் தேவாலயம். "பெனிஹவுஸ்." அடுத்தது கத்தி. "ஸ்கூனி." மகள் குசினிப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். பூனையைத் தெரியாத மனிதரைத் தனியே ஒரு வீட்டில் விட முடியாது. அது எனக்கும் விளங்கியது. ஆனால் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன்.

"மதாம்," என்றேன். "இவருக்கு இதெல்லாம் தெரியும். இன்றைக்குச் சொல்ல மாட்டார்."

ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டிச் சொன்னேன். இவர் ஊரில் கடலுக்கு வெளிக்கிட்டவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, அவன் சில பெயர்களைச் சொல்லவும் கூடாது. பூனை, கத்தி, தேவாலயம், பாதிரியார். சொன்னால் கடல் கோபிக்கும். ஆகவே கடலுக்கென்று வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பூனை என்றால், கத்துகிறது. தேவாலயம், வேண்டுகிற வீடு. பாதிரியார், எழும்பி நிற்கிறவர். இவர் சப்பாத்துப் போட்டு நூலை வாளியில் வைத்துவிட்டார். அவர் கணக்கில் இப்போது அவர் கரையில் இல்லை, கடலில் இருக்கிறார். நீங்கள் பிந்தி வந்துவிட்டீர்கள்.

சொல்லி முடித்ததும் எனக்கே வியர்த்தது. கேட்கிறவர் அடுத்ததாக என் புத்தியை மதிப்பிட்டாலும் குறைசொல்ல முடியாது. மகள் என்னைப் பார்த்த பார்வையும் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தார். தான் மக்டலேன் தீவுகளில் பிறந்தவள் என்றார். இந்த ஆறு போய் விழுகிற வளைகுடாவுக்கு நடுவில் இருக்கிற தீவுகள் அவை. காலஞ்சென்ற அப்பா நண்டு பிடிக்கப் போனவராம். "எங்கள் வீட்டிலும் ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்ல மாட்டோம். படகில் அறவே கூடாது. அப்பா கடலில் இருக்கும்போது வீட்டிலும் கூடாது," என்றார்.

"என்ன மிருகம்?" என்று நான் கேட்டேன்.

சொல்லவில்லை. படித்த பெண், அரசாங்கத்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்கிறவர், அவரது அப்பா எப்போதோ இறந்துபோனவர். கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, ஒரு விரலால் தன் மூக்கு நுனியை மேலே தள்ளிக் காட்டினார். பன்றி.

கிழவர் சிரித்த சிரிப்பில் வாளி உருண்டது. அவர் ஊரிலும் அந்த மிருகத்தைச் சொல்லக் கூடாதாம். அதுவரை அந்தப் பெண்ணோடு மரியாதை வைத்துப் பேசியவர், அந்த நிமிடத்திலிருந்து "டூ" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் பேச்சில் அது "நீ". டாக்டருக்கும் வரிக் கந்தோர்க்காரருக்கும் கிடைக்காத சொல். கடவுளுக்கும், இறந்த பிறகு மனைவிக்கும், எனக்கும் மட்டும் கிடைப்பது.

அந்தப் பெண் பக்கத்துத் தெருவில் இன்னொருவரைப் பார்க்க வேண்டுமாம். கிழவர் ஏரிக்குப் போய்வரட்டும், தான் திரும்பி வந்து மிச்சத்தைக் கேட்பதாகச் சொன்னார். கிழவர் தூண்டிலை எடுத்தார். வாசலில் மகள் நின்றாள். பழக்கத்தில் அவளுடைய வாய் திறந்தது. இத்தனை பாடும் அந்த ஒரு கேள்வியோடு போய்விடும்.

அவள் வாயை மூடினாள். என்னைப் பார்த்தாள். காலையில் தினமும் அவள் கேட்டது என்ன, அப்பா ஏன் போகவில்லை என்பது அந்த இடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் போன போக்கில் அதைக் கண்டேன். என்னதான் கேட்பது என்று கையால் என்னிடம் கேட்டாள். நான் மெல்லச் சொல்லிக்கொடுத்தேன்.

"தூரமோ, அப்பா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

கிழவர் நின்றார். "இல்லை, என்ரை பீரிப் பிள்ளை," என்றார். "கிட்டத்தான்." மூடுபனிக்குள் இறங்கிப் போனார். மகள் படியில் இருந்து அழுதாள். நானும் அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரு பீரி மீனோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், கை கழுவினார், கதிரையில் இருந்தார். அந்தப் பெண் திரும்பி வந்து படங்களைக் காட்டக் காட்ட, பூனை, தேவாலயம், கத்தி என்று ஆங்கிலத்தில் ஒருதரமும் சுத்தமான பிரெஞ்சில் ஒருதரமும் சொன்னார். நாப் பண்ணுவதை அவர் மறக்கவில்லை. அவர் தன் வீட்டிலேயே இருக்கலாம், வாரத்துக்கு ஒருவர் வந்து பார்த்துப் போனால் போதும் என்று முடிவாயிற்று. மகள் இப்போதும் தினமும் காலையில் கூப்பிடுகிறாள். முதல் கேள்வி மட்டும் மாறிவிட்டது. கிழவர் மழை நாளிலும் ஏரிக்குப் போகிறார். எங்கள் வீட்டில் மீன் வைக்க இடமில்லை.

அன்று பின்னேரம் மேல்வீட்டுக்கு ஏறியபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. என் மகனுக்கு எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். அவன் இங்கே பிறந்தவன், பெரிய படிப்பு, தமிழ் விளங்கும். லொங்குய்க்காரர்களைப் பற்றி ஒரு பிரசங்கமும் வைத்தேன். ஐம்பது வருடம் ஒரே தகப்பனோடு இருந்தும் அவர் என்ன சொல்கிறார், எதைக் கேட்டால் அவர் மனம் நோகும் என்று தெரியாமல் ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறதே, இது என்ன வளர்ப்பு என்றேன். அவன் கைத்தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமல் ஓம் ஓம் என்றான்.

தேநீருக்குப் பால் இல்லை. மூலையில் இருக்கிற தெப்பனேர் கடையில் ஒரு பால் வாங்கி வரலாம் என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"அப்பா, எங்கை போறீங்கள்?" என்றான் மகன்.

கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து கதிரையில் இருந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன்.